வால்வு மாற்றி ஏழு வாரம்: ஐஎன்ஆர் இறங்கியதும் மற்ற சில ஐயங்களும்

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 53. இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவருக்குப் பிறவியிலேயே இரண்டுதான் இருந்தன என்பதும், அவற்றில் சுண்ணாம்பு படிந்து வால்வு இறுகிவிட்டது என்பதும், இவ்வாண்டு படியேறும்போது அவர் மயங்கி விழுந்த பிறகே எங்களுக்குத் தெரியவந்தன. ஏழு வாரங்களுக்கு முன்பு நெஞ்செலும்பைத் திறந்து உலோக வால்வு பொருத்தினார்கள். அறுவை சிகிச்சையில் குறை ஏதுமில்லை; எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த பிறகு நடப்பவைதான் எனக்குப் புரியவில்லை.

நான்காம் வாரத்தில் புளோக்கைச் சுற்றி மூன்று சுற்று நடந்தவர், இப்போது ஒரு சுற்று முடிவதற்குள் மின்தூக்கிக்கு அருகிலுள்ள திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். சென்ற வாரம் பேரப்பிள்ளை பள்ளியில் வரைந்த படத்தைக் காட்டியதற்கு அழுதுவிட்டார். முப்பது ஆண்டு மணவாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்தது அவருடைய தந்தையின் ஈமச்சடங்கன்று மட்டுமே. இரவு மூன்று மணிக்கு எழுந்து, விளக்கைப் போடாமல் கூடத்தில் அமர்ந்திருக்கிறார். கேட்டால், “சத்தம் தூங்கவிட மாட்டேன் என்கிறது” என்கிறார். அறை அமைதியாக இருக்கும்போது எனக்குமே அது கேட்கிறது. தலையணைக்கு அடியில் கைக்கடிகாரம் இருப்பதைப் போன்ற சத்தம்.

அடுத்தது, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற எண் அவருக்கு 2க்கும் 3க்கும் இடையே இருக்க வேண்டும், இறங்கினால் இரத்தம் எளிதில் உறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் நடுவில் 2.6 இருந்தது, இந்த வாரம் 1.6க்கு இறங்கிவிட்டது. மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை, நானே எடுத்துக் கொடுக்கிறேன். தினமும் 3 மில்லிகிராமாக இருந்ததை வாரத்தில் நான்கு நாள் 4 மில்லிகிராமாக உயர்த்தியிருக்கிறார்கள். மருந்தகத்தில் “உணவில் ஏதேனும் மாற்றமா?” என்று கேட்டபோது, வெளியில் எதுவும் சாப்பிடுவதில்லை, எல்லாம் வீட்டுச் சமையல்தான் என்று சொன்னேன். ஏன் இறங்கியது என்று யாருக்கேனும் தெரியுமா?

கடைசியாக ஒன்று. பதினோரு ஆண்டுகளாக அவர் தைப்பூசத்திற்கு அலகு குத்திக் காவடி எடுத்து வருபவர். வரும் தைப்பூசத்திற்கும் எடுப்பேன் என்கிறார். நான் மறுத்தால் சண்டையாகிறது.

காலாங் நடையர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். எனக்கு ஈரிதழ் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையே உள்ள மைட்ரல் வால்வு) மாற்றி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சிறு வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தபோது தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாக ஒரு மாதம் படுத்திருந்தேன். அந்த வாதக் காய்ச்சல் வால்வைத் தழும்பாக்கிவிட்டது என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன். உங்கள் கணவரின் கதை வேறு, ஆனால் அதற்குப் பிந்திய வாரங்கள் ஏறத்தாழ ஒன்றுதான்.

நான்காம் வாரத்தைவிட ஏழாம் வாரம் மோசமாக இருப்பது எனக்கும் நடந்தது. தொடக்கத்தில் எழுந்து நின்றாலே வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த உற்சாகத்தில் உடல் ஓடும். பிறகு எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், நாமும் தேறிவிட்டதாக நினைத்து ஒரு நாள் கூடுதலாக நடந்துவிடுவோம், அடுத்த இரண்டு நாள் படுக்கை அதற்கு வட்டியோடு கணக்குத் தீர்த்துக்கொள்ளும். நான் செய்தது இவ்வளவுதான்: காலாங் ஆற்றோரப் பாதையில் விளக்குக் கம்பங்களை எண்ணி நடந்தேன். இன்று ஆறு கம்பம் என்றால் இந்த வாரம் முழுவதும் ஆறுதான், உடம்பு நன்றாக இருந்தாலும் ஏழாவதைத் தொடுவதில்லை. காலை எட்டு மணிக்குள் திரும்பிவிடுவேன், ஏனென்றால் நம் ஊர் வெயிலும் புழுக்கமும் ஒரு கம்பத்தை இரண்டாக்கிவிடும்.

அழுகையைப் பற்றி வெட்கப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். காப்பிக்கடையில் கோப்பி கவிழ்ந்ததற்காக நான் அழுதிருக்கிறேன். மேசையைத் துடைத்த முதியவர் பயந்துபோய் இன்னொரு கோப்பி வாங்கி வந்து வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். செய்தித்தாளில் ஒரே பத்தியை நான்கு முறை படிப்பேன், மனத்தில் தங்காது. சோறு இரும்பைப் போல் சுவைக்கும். இவையெல்லாம் எனக்கு மூன்றாம் மாதத்திற்குள் விலகின. ஆனால் இரண்டு வாரத்திற்கு மேலும் அவர் யாரோடும் பேசாமல், விருப்பமானதிலும் விருப்பமின்றி இருந்தால், அடுத்த சந்திப்பில் நீங்களே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் சொல்ல மாட்டார். நானும் சொல்லவில்லை, என் மனைவி சொன்னதால்தான் உதவி கிடைத்தது.

சத்தத்திற்கு வருகிறேன். நாம் உலோக வால்வு என்று சொன்னாலும், அதன் இதழ்கள் கெட்டியான ஒருவகைக் கரிமத்தால் ஆனவை. ஒவ்வொரு துடிப்பிலும் அவை மூடும்போது எழுவதுதான் அந்த ‘டிக்’. எனக்கு வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் குறைவாகக் கேட்டது. மின்விசிறியைச் சற்று வேகமாக ஓடவிட்டோம், அந்த இரைச்சலில் அது கரைந்தது. ஆறேழு மாதத்தில் காது அதைக் கேட்பதையே விட்டுவிட்டது. இப்போது சத்தம் இருக்கிறதா என்று நானாகத் தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஐஎன்ஆர் பற்றி ஒரு கேள்வி: இது புரட்டாசி மாதம். உங்கள் வீட்டில் சைவமா?

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மருத்துவக் குழு சொல்வதற்கு மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம்.

முந்தியவர் விட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தம் கேட்பது வால்வு நன்றாக மூடுகிறது என்பதன் அறிகுறி. தெளிவாகக் கேட்டுவந்த ‘டிக்’ திடீரென்று மழுங்கினாலோ, கேட்காமற் போனாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோதான் அஞ்ச வேண்டும். வால்வில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். ஐஎன்ஆர் 1.6 ஆக இருக்கும் இந்த நாள்களில் இதைக் கவனிப்பது மிக முக்கியம். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை துவண்டாலோ வாடகை வண்டிக்குக் காத்திராமல், சிங்கப்பூர் அவசர மருத்துவ வண்டி எண்ணான 995ஐ அழையுங்கள்.

ஒரு சுற்றுக்குள் களைத்து உட்காருவது உணர்ச்சி சார்ந்ததாக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரத்தச் சோகை இருக்கலாம். இதயத்தைச் சுற்றியோ நுரையீரலைச் சுற்றியோ நீர் கோத்திருக்கலாம். துடிப்பு ஒழுங்கு தவறி இருக்கலாம். முன்னேறி வந்தவர் பின்னோக்கிப் போகிறார் என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல், இந்த வாரமே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. அவரை ஒவ்வொரு நாளும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காலை உணவுக்கு முன் எடை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை அன்று, நீர். காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினாலும், நெஞ்சுக் காயத்தில் நீர் கசிந்தாலும், இருமும்போது எலும்பு ‘கடக்’ என்று அசைவதாகத் தோன்றினாலும் அன்றே தெரிவிக்க வேண்டும்.

எலும்பை எஃகுக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது ஒட்டத் தொடங்க ஆறு முதல் எட்டு வாரம், உறுதிப்பட ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை 5 கிலோ அரிசிப் பையைத் தூக்குவது, கைகளை ஊன்றி நாற்காலியிலிருந்து எழுவது, எம்ஆர்டி ரயிலில் மேலே உள்ள பிடியில் தொங்கியபடி நிற்பது ஆகியவற்றைத் தவிர்க்கட்டும். ரயில் திடீரென்று நிற்கும்போது உடல் எடை முழுவதும் அந்த ஒரு கைக்குப் போகும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமட்டும். பேரப்பிள்ளையைத் தூக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. அவர் உட்கார்ந்த பிறகு பிள்ளை மடியில் ஏறட்டும்.

செங்காங்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நாளைக் காலையே அழைக்கிறேன்.

புரட்டாசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆம், முழு மாதமும் சைவம். சொல்லப்போனால் இவ்வாண்டு என் மாமியார் எங்களோடு இருப்பதால் வழக்கத்தைவிடக் கடுமையான சைவம். மகனுக்கு இரத்தம் ஊற வேண்டும் என்று தேக்காச் சந்தையிலிருந்து முருங்கைக்கீரையும் முளைக்கீரையும் கட்டுக்கட்டாக வாங்கி வரச் சொல்லி, நாள்தோறும் ஒரு கிண்ணம் கூட்டு, மாலையில் முருங்கைக்கீரைச் சாறு. இதை நான் மாற்றமாகவே நினைக்கவில்லை. வீட்டுச் சமையல் என்றுதானே சொன்னேன்!

காலாங் நடையர் எழுதியது:

அதுதான். வார்ஃபரின் வேலை செய்வதே இரத்தம் உறைய உதவும் கே உயிர்ச்சத்தை (வைட்டமின் கே) தடுத்துத்தான். பச்சைக் கீரையில் அந்தச் சத்து மிகுதி. ஒரு பக்கம் மாத்திரை தடுக்க, மறு பக்கம் கீரை நிரப்புகிறது, ஐஎன்ஆர் இறங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு நான் முதல் ஆண்டு செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன்: கீரையை அடியோடு நிறுத்திவிட்டேன். எண் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு திருமண வீட்டில் இரண்டு நாள் கீரை சாப்பிட்டதும் தடதடவென்று இறங்கியது. எனவே உங்கள் மாமியாரிடம் கீரை கூடாது என்று சொல்லிச் சண்டை போட வேண்டாம். வாரத்திற்கு இரண்டு முறை என்றால் ஆண்டு முழுவதும் இரண்டு முறை, அவ்வளவுதான்.

உங்களுக்கு இப்போது இருக்கும் உண்மையான ஆபத்து இதற்கு மறுபுறம் இருக்கிறது. தினசரிக் கீரைக்கு ஏற்ப மாத்திரையை உயர்த்தியிருக்கிறார்கள், ஆனால் கீரை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. புரட்டாசி முடிந்ததும் மீன் குழம்பும் கோழியும் திரும்பி வரும், கீரை நின்றுவிடும், உயர்த்திய மாத்திரை மட்டும் தொடரும். அப்போது ஐஎன்ஆர் மேலே பாயும். ஈறிலும் மூக்கிலும் இரத்தம் வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

மிகச் சரியாகச் சொன்னீர்கள். அழைக்கும்போது “உணவு மாறியது” என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தக் கீரை, எத்தனை கிண்ணம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதியில் நிற்கும் என்று சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம்.

கூடவே கேட்டுக்கொள்ள வேண்டியவை: நாட்டு மருந்துக் கடை லேகியம், ஜின்செங் போன்ற சீன மூலிகைகள், மூட்டு வலிக்கு அவராக வாங்கும் ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள். நெஞ்சுத் தசை வலிக்கிறது என்று நாள்தோறும் பூசிக்கொள்ளும் தைலங்கூட, அதில் மீத்தைல் சாலிசிலேட் மிகுதியாக இருந்தால் ஐஎன்ஆரை உயர்த்தும். நம் வீடுகளில் தைலத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பல் மருத்துவரிடம் போகுமுன் வால்வு பொருத்தியிருப்பதைச் சொல்லுங்கள். பல் பிடுங்குவது போன்றவற்றுக்கு முன்பு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பார்கள், இல்லாவிட்டால் வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து புது வால்வில் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

அலகு குத்துவதையும் இதே காரணத்திற்காகத்தான் நான் வேண்டாம் என்பேன். தோலைத் துளைக்கும் ஒவ்வோர் இடமும் கிருமிக்கு ஒரு வாசல், வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தப்போக்கும் எளிதில் நிற்காது. இது வரும் தைப்பூசத்திற்கு மட்டும் உரியதன்று.

பெருமாள் கோயில் தெருக்காரர் எழுதியது:

காவடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் பல ஆண்டு எடுத்தவன். சர்க்கரை நோயால் பாதப் புண் வந்த பிறகு நிறுத்தினேன். என்னை மனைவி தடுத்தபோது நான் கேட்கவில்லை. குருசாமியிடம் போய் நின்றபோது, “வேண்டுதல் வைத்தது நீ, அலகு கேட்டது முருகன் இல்லை” என்றார், நான் வாயடைத்துப்போனேன். உங்கள் கணவருக்கும் அப்படி ஒருவர் இருப்பார்; மருத்துவரைவிட அவர் சொல்லுக்குப் பணிவார். அவரை முதலில் போய்ப் பாருங்கள்.

சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல், தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். பால்குடமாக மாற்றிக்கொள்வதானாலும் மருத்துவர் ஒப்புதல் வேண்டும். சிங்கப்பூர் இதய அறநிறுவனம் பீஷான் ஜங்ஷன் 8 கடைத்தொகுதியில் நடத்தும் உடற்பயிற்சி மையத்தைப் பற்றி விசாரியுங்கள். கண்காணிப்போடு பயிற்சி செய்யலாம். தைப்பூசத்திற்காக என்று சொல்லி அனுப்பினால் முனகாமல் போவார்.

செங்காங்வாசி எழுதியது:

இன்று காலை அழைத்து, கீரைக் கணக்கு முழுவதையும் தேதியோடு சொன்னேன். மருந்தாளர் சற்று நேரம் எழுதிக்கொண்டே இருந்தார். பரிசோதனையை முன்கூட்டி இந்த வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். புரட்டாசி முடிந்து நான்காம் நாள் இன்னொன்று. களைப்பைச் சொன்னதும், வெள்ளியன்றே இரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்து மருத்துவரைப் பார்க்க வைப்பதாகச் சொன்னார்கள்.

மாமியார் கீரையைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டார், கொஞ்சம் கோபத்தோடுதான். நேற்றிரவு மின்விசிறியை நான்காம் எண்ணில் வைத்தோம். மூன்று மணிக்கு விழித்துப் பார்த்தேன். அவர் படுக்கையில்தான் இருந்தார். குருசாமியை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம்.