ஆபரேஷனுக்கு முன் டாக்டர் சொன்னது புரிந்ததா? இதை அளக்க உதவி வேண்டும்

வணக்கம். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் எப்படிப் பேசினார் என்பதை நோயாளிகளிடமே கேட்டு அளக்கும் ஆய்வு ஒன்றைத் தொடங்குகிறேன். 2007-இல் வெளியான 'கம்யூனிகேஷன் அசெஸ்மென்ட் டூல்' கேள்வித்தாளைத் தமிழில் பயன்படுத்த எண்ணம். 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'மோசம்' முதல் 'மிகச் சிறப்பு' வரை 5 படிகள்.

சிக்கல் என்னவென்றால், தன் உடம்பில் கத்தி வைக்கப் போகிறவரைப் பற்றிக் குறை சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? பெரும்பாலோர் நல்ல மதிப்பெண்ணே தருவார்கள். அதனால்தான் சராசரியை விட, உச்சப் படியைத் தேர்ந்தவர்களின் சதவீதத்தைப் பார்ப்பது மேல் என்கிறார்கள். எனக்கு அதுவும் போதவில்லை. திருப்தி வேறு, புரிதல் வேறு. மயக்க மருந்து, ஆபத்துகள், மாற்று வழிகள் பற்றி என்ன சொன்னார்கள் என்று நோயாளியின் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எப்போது கேட்பது? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட உடனேயா, வீடு திரும்பிய பிறகா? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் முன்பு பேசியதும் இனிமையாகத்தான் நினைவிருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு யார் வாசித்துக் காட்டுவது? வார்டு நர்ஸ் கேட்டால் பதில் மாறிவிடும் என்பது என் பயம்.

இத்தகைய ஆய்வு செய்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் சொல்லுங்கள்: டாக்டர் எதை இன்னும் விளக்கியிருக்கலாம்?