தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் தேடி அலைஞ்சவங்க சொல்லுங்க

பாம்பன்காரன்: நானே ஆரம்பிக்கிறேன். சில வருஷம் முன்னால, மீனவர்களுக்குச் செல்போன்ல வானிலை பார்க்கச் சொல்லிக்கொடுக்குற ஒரு குழுவோட தனுஷ்கோடி குடிசைகளுக்குப் போனேன். போனை எடுத்தா "இலங்கைக்கு வரவேற்கிறோம்"னு எஸ்.எம்.எஸ்! அந்தப் பக்கம் தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இருக்காதே. ரோமிங்ல பேலன்ஸ் கரைஞ்சுபோச்சு.

அதையும் சரிபண்ணி, "தென்மேற்குக் காற்று"ன்னு வந்ததைப் படிச்சுக் காட்டினோம். கரையில வலை பொத்திக்கிட்டிருந்த தாத்தா கேட்டார்: "தென்மேற்குன்னா எது தம்பி, சோழகமா கச்சானா?" ரெண்டும் கடல்காரங்க காத்துக்கு வச்ச பேரு. எங்க குழுவுல ஒருத்தருக்கும் வாய் திறக்கல. அதைத் தமிழ்ல எழுதினவர் கடற்கரைக்கு வந்திருக்கவே மாட்டார்.

பாசிக்காரி மகள்: எங்க அம்மா தென்கடல்ல முங்கிப் பாசி எடுக்குறவங்க. கொரோனா சமயம் வீட்டுல ஒரே போன். அதை அப்பா கடலுக்குக் கொண்டுபோயிடுவார், தம்பிக்கு ஆன்லைன் வகுப்பு அவர் கரை திரும்பின பிறகுதான்! அம்மாவுக்கு இன்னிக்கும் கடல் ஓசை 90.4 போதும். 2016ல பாம்பன்ல ஆரம்பிச்ச ரேடியோ, பேசுறவங்களும் நம்ம ஆளுங்க. கச்சான்னா கச்சான்னுதான் சொல்லுவாங்க, டேட்டாவும் தேவையில்ல.

கீழக்கரை மாமா: பாரத்நெட்னு ஊராட்சிகளுக்கு இன்டர்நெட் கொடுக்குற மத்திய அரசுத் திட்டம். அதுல தமிழ்நாட்டோட 12,525 ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கேபிள்னு திட்டம். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஊர்ல இன்டர்நெட் பெட்டி வந்து சேர்ந்துச்சு, ஊராட்சி ஆபீசுக்குள்ள. சாயங்காலம் ஆபீஸ் பூட்டு. மீன்பிடிக்கிறவன் ஓய்வா இருக்குறதே அப்பத்தான்! கடலோரக் குடியிருப்பு அங்கிருந்து இன்னும் தள்ளி.

ஊரே கையில எடுத்தா எப்படின்னு பாருங்க: மெக்சிகோவுல ஒவாஹாகா மலையில தலேயா தே காஸ்ட்ரோன்னு சபோடெக் பழங்குடி ஊர். லாபம் இல்லைன்னு பெரிய கம்பெனிகள் வரல. 2013ல ரைசோமாட்டிகாங்கிற அமைப்போட சேர்ந்து ஊரே தனக்கு ஒரு செல்போன் நெட்வொர்க் வச்சுக்கிச்சு. கருவி, பயிற்சி வெளியிலிருந்து, நடத்துறது ஊர். இங்க அலைவரிசை உரிமம் அவ்வளவு லேசுல கிடைக்காது, அது வேற கதை. ஆபீஸ் சாவியாவது மீனவர் சங்கத்துக்கிட்ட இருக்கட்டும்னு மனு எழுதிக்கொடுத்தோம்.

பாம்பன்காரன்: பதில் வந்துச்சா மாமா?

கீழக்கரை மாமா: பரிசீலனையில இருக்காம். எட்டு மாசமா.