மருந்து பற்றிய அந்த ஒரு வசனம்: நாஷ், ராமானுஜன், டூரிங் படங்களில் எது நேர்மையானது?

பகாஎண்:
கணித மேதைகளைப் பற்றிய படங்களுள் ஜான் நாஷின் கதையான ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ ஒன்றே நேர்மையானது என்றும், ராமானுஜனைப் பற்றி வந்தவை எல்லாம் வெறும் பக்திப் படங்கள் என்றும் இங்கே ஒருவர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஜான் நாஷ் 1970க்குப் பிறகு மனச்சிதைவு நோய்க்கு மருந்தே எடுத்துக்கொள்ளவில்லை. படத்துக்கு மூலமான, சில்வியா நாசர் 1998இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் படத்திலோ, 1994இல் நோபல் பரிசு தொடர்பாகத் தம்மைப் பார்க்க வந்தவரிடம், புதிய வகை மருந்துகளை எடுத்துக்கொண்டிருப்பதாக நாஷாக நடித்த ரஸ்ஸல் குரோ சொல்கிறார். இது கைதவறி நேர்ந்த பிழை அன்று. ஒரு மனிதர் தம் வாழ்வில் செய்து முடித்த மிகக் கடினமான காரியத்தை அவரிடமிருந்து பறித்து மாத்திரையின் கணக்கில் எழுதிய செயல். நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்றதால் அது உண்மையாகிவிடாது.

சங்கமித்திரை:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. அறைத்தோழன் சார்லஸ் இரத்தமும் சதையுமான மனிதன் என்றே படத்தின் பெரும்பகுதியில் நாமும் நம்புகிறோம். அவன் இல்லவே இல்லை என்று தெரியவரும்போது நாஷுக்கு நேர்ந்த அதிர்ச்சி நமக்கும் நேர்கிறது. நோயுற்ற மனத்துக்குள் பார்வையாளரை இவ்வளவு தூரம் அழைத்துச் சென்ற வேறொரு கணிதப் படத்தைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ராமானுஜன் படங்களில் அவர் வழிபட்ட குலதெய்வம் நாமகிரித் தாயார் வருகிறாள், சூத்திரங்கள் வருகின்றன, அந்த மனம் எப்படி இயங்கியது என்பது மட்டும் வருவதில்லை. மருந்து வசனத்தைப் பொறுத்தவரை, படத்தைப் பார்க்கும் நோயாளிகள் நாஷைப் போலத் தாமும் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தால் அது சேர்க்கப்பட்டது என்றே சொல்லப்படுகிறது. அது பொய்தான் என்றால், அந்தப் பொய்யை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

பகாஎண்:
பொய்யை முழு மனத்தோடு ஆதரிப்பவர் நேர்மைக்கு எப்படிப் பரிசளிக்க முடியும்?

நாஷுக்குக் குரல்கள்தாம் கேட்டன, உருவங்கள் தோன்றவில்லை. ஆகவே நீங்கள் இவ்வளவு போற்றும் சார்லஸே கற்பனை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. திரைக்கு உருவம் தேவைப்படுகிறது. பிரின்ஸ்டன் பேராசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து பேனாவை மேசையில் வைத்து மரியாதை செய்யும் காட்சியும் கற்பனை, அதையும் விட்டுவிடுகிறேன். அலிசியா 1963இல் நாஷை விவாகரத்து செய்தார், 1970இல் மீண்டும் தம் வீட்டில் இடம் கொடுத்தார், 2001இல்தான் இருவரும் மறுபடி மணந்துகொண்டார்கள்; படத்தில் மணமுறிவே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் மருந்து வசனம் இவற்றோடு சேராது. நோபல் பரிசை ஒட்டி எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், மாயையின் பிடியிலிருந்த சிந்தனைகளை அறிவால் படிப்படியாக நிராகரிக்கத் தொடங்கியதாக நாஷ் எழுதியிருக்கிறார். உடல் ஊனத்திலிருந்து ஒருவர் நலம்பெற்றுத் திரும்புவது முழு மகிழ்ச்சி தரும், இது அப்படி முழுக்க மகிழ்ச்சிக்குரியதன்று என்றும் அதே குறிப்பில் சொல்கிறார். இவ்வளவு நுட்பமாகத் தம்மைப் பற்றிச் சொன்னவரின் வாயில், அவர் சொல்லாததை, அதுவும் நடந்ததற்கு நேர் எதிரானதை வைத்தார்கள்.

எல்லைக்கோடு:
நண்பர்களே, ‘நேர்மை’ என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் நன்று. நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தபடி காட்டுவது ஒன்று, மனிதரின் அகத்தைச் சரியாக உணர்த்துவது மற்றொன்று. நீங்கள் இருவரும் வெவ்வேறு அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டு சண்டையிடுகிறீர்கள்.

வெண்பலகை:
அளவுகோல் பற்றிப் பிறகு பேசலாம். நான் மனநலப் பிரிவில் செவிலியாகப் பணிபுரிந்தவள். ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு மாத்திரை’ என்று நிறுத்திவிட்டு, முன்னிலும் மோசமான நிலையில் திரும்பி வந்தவர்களை எங்கள் பிரிவில் தொடர்ந்து பார்த்தோம். அவர்களை அழைத்துவரும் தாயின் முகத்தைப் பகாஎண் ஐயா ஒருமுறையாவது பார்த்திருந்தால், ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை ஆவேசமாக எழுதியிருக்க மாட்டார். நாஷ் மருந்தின்றி மீண்டது அவருடைய நற்பேறு. அதை நம்பிக்கொண்டு நிறுத்துகிறவர்கள் பலருக்கு அந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

கும்பகோணத்தான்:
நாஷைப் பற்றியே எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ‘பக்திப் படம்’ என்ற பழிக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ராமானுஜன் கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் கவனம் செலுத்தாமல் எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரித் தேர்வில் தோற்றவர், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்துக்குக் கணக்கெழுதியவர், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியவர். போர்க்காலத்து இங்கிலாந்தில் சைவ உணவுக்குத் தவித்து, உடல் நலிந்து, 1918இல் லண்டன் சுரங்க ரயிலின் முன் பாய்ந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் சேத்துப்பட்டில் இறந்தார். இதில் பக்தி மட்டுமா இருக்கிறது? 2015இல் வந்த ஆங்கிலப் படமான ‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’ மீது எனக்கும் கோபம் உண்டு. 1909இல் திருமணம் நடந்தபோது ஜானகிக்கு 10 வயது. 1914 மார்ச்சில் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது இந்தப் பெண்ணுக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. படமோ வளர்ந்த பெண்ணைக் காட்டி, பிரிவாற்றாமைக் காதலாக மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே ஞான ராஜசேகரன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்த ‘ராமானுஜன்’, அவர் இங்கே கழித்த ஆண்டுகளுக்கு உரிய இடத்தைக் கொடுத்தது. சுஹாசினி நடித்த, ராமானுஜனின் தாய் கோமளத்தம்மாளின் பிடிவாதத்தைப் பார்த்த பிறகும் அதைப் பக்திப் படம் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் படத்தைப் பார்க்கவில்லை.

சங்கமித்திரை:
பார்த்தேன். திரையரங்கிலேயே பார்த்தேன். அதே இயக்குநரின் ‘பாரதி’ படத்தைப் பற்றி நாம் பேசியபோதும் இப்படித்தான், இயக்குநரை ஒரு சொல் குறை சொன்னவுடன் ‘நீங்கள் படம் பார்க்கவில்லை’ என்று எழுதினீர்கள். நம்மவர் எடுத்தார் என்பதற்காக ஒரு படத்தின் தொய்வை நான் மறைக்க மாட்டேன். ராமானுஜனின் கணிதம் ஏன் அதிசயமானது என்பதை அந்தப் படம் பார்வையாளருக்கு உணர்த்தவே இல்லை.

கும்பகோணத்தான்:
நாஷின் படம் மட்டும் உணர்த்தியதா? மதுக்கூடத்தில் பொன்னிறக் கூந்தல் பெண்ணை எல்லாரும் தவிர்த்துவிட்டு அவளுடைய தோழியரிடம் செல்வதே சிறந்த வழி என்று நாஷ் கண்டுபிடிப்பதாக ஒரு காட்சி வருகிறதே, அது நாஷ் சமநிலையே அன்று. மற்றவர்கள் எல்லாரும் விலகிய பின் ஒருவன் மட்டும் அவளிடம் சென்றால் அவனுக்கு ஆதாயம் கிடைக்கிறது. அப்படித் தனியாக மாறி ஆதாயம் பெற எவருக்கும் வழியில்லாத நிலைக்குத்தான் சமநிலை என்று பெயர். எந்தக் கருத்துக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ, அந்தக் கருத்தையே படம் தவறாகக் காட்டுகிறது.

பகாஎண்:
மதுக்கூடக் காட்சியைப் பற்றிக் கும்பகோணத்தான் சொல்வது சரிதான். ஆனால் அது கணிதப் பிழை. பாடப்புத்தகத்தைத் திறந்து எவரும் திருத்திக்கொள்ளலாம். மருந்து வசனத்தை அப்படித் திருத்திக்கொள்ள முடியாது. படத்தை மட்டுமே பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்கு நாஷ் இன்றும் மருந்தால் மீண்டவர்.

வெண்பலகை அம்மாவுக்கு: மருந்தை நிறுத்துங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. மருந்து தேவைப்படுகிறவர்கள் உட்கொள்ளத்தான் வேண்டும். நோயாளிகளின் மீது அவ்வளவு அக்கறை இருந்திருந்தால், நாஷ் மருந்தை நிறுத்தியதைக் காட்டி, அதன் ஆபத்தையும் ஒரு மருத்துவர் பாத்திரத்தின் வழியாகச் சொல்லியிருக்கலாமே. வசனத்தை அறவே விட்டிருக்கலாமே. மௌனம் காத்திருந்தால்கூட நான் ஏற்றிருப்பேன்.

நிழற்கோபுரம்:
கணிதவியலாளர் டூரிங்கைப் பற்றிய படத்தை ஏன் யாரும் பேச்சில் எடுக்கவில்லை? 2014இல் வந்த ‘தி இமிடேஷன் கேம்’ செய்ததோடு ஒப்பிட்டால் இந்த மருந்து வசனம் ஒன்றுமே இல்லை. சோவியத் உளவாளி ஜான் கெய்ர்ன்கிராஸை ஆலன் டூரிங் கண்டுபிடித்துவிட்டதாகவும், தம் இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்ற மிரட்டலுக்கு அஞ்சி அவனைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததாகவும் அந்தப் படம் சொல்கிறது. இருவரும், போர்க்காலத்தில் எதிரியின் இரகசியக் குறியீடுகளை உடைத்த பிரிட்டிஷ் மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஒரே குழுவில் பணியாற்றியதே இல்லை. தன்பாலுறவுக்காக 1952இல் தண்டிக்கப்பட்டு, சிறைக்கு மாற்றாக ஹார்மோன் ஊசிகளை ஏற்று, 1954இல் சயனைடால் இறந்த மனிதர் அவர். 2013 டிசம்பரில்தான் அரச மன்னிப்பு வந்தது. அடுத்த ஆண்டே வந்த படம் அவரைத் தேசத்துரோகத்துக்குத் துணைபோனவராகக் காட்டுகிறது. இதைவிடப் பெரிய அநீதி உண்டா?

பகாஎண்:
அநீதிதான், மறுக்கவில்லை. ஆனால் டூரிங் படத்தை நேர்மையானது என்று இங்கே யாரும் எழுதவில்லையே. நாஷ் படத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். 1970க்குப் பிறகு மருந்து எடுக்காதவர் 1994இல் மருந்து எடுப்பதாகச் சொல்கிறார். இதற்கு நேரடியான பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வெண்பலகை:
பதில் சொல்லியாயிற்று. உங்களுக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். படம் வெளிவந்தபோது நாஷ் உயிரோடிருந்தார். 2015 மே மாதம், நார்வேயில் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்றுத் திரும்பும் வழியில், நியூஜெர்சியில் டாக்சி விபத்தில் அவரும் அலிசியாவும் இறக்கும்வரை, தாம் மருந்தின்றி மீண்டதைச் சொல்ல அவருக்கு வாய்ப்பும் மேடையும் இருந்தன. மருந்தை நிறுத்தித் தெருவில் திரியும் நோயாளிக்கு எந்த மேடை இருக்கிறது? ஒரு மேதையின் பெருமையையும் பெயர் தெரியாத நோயாளியின் உயிரையும் என் முன் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். எண்களை நேசிக்கிறவர்கள் மனிதர்களை மறந்துவிடுகிறார்கள் என்ற என் பழைய எண்ணத்தை நீங்கள் உறுதிப்படுத்திவிட்டீர்கள்.

பகாஎண்:
மனிதரை மறந்தது நானா? குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, எது மாயை எது மெய் என்று தனியே அமர்ந்து பிரித்தெடுத்த ஒரு மனிதரின் பல்லாண்டு உழைப்பைப் பற்றித்தான் தொடக்கத்திலிருந்து பேசுகிறேன். அவரும் நோயாளிதான். நோயாளிகளின் நலனுக்காக ஒரு நோயாளியின் வரலாற்றையே மாற்றலாம் என்கிறீர்கள்; அதன்பின் எந்த நோயாளி தன் கதையைத் திரைப்படக்காரர்களிடம் நம்பிக் கொடுப்பார்?

எல்லைக்கோடு:
நான் கேட்ட வரையறை இப்போதும் தேவைப்படுகிறது.

கும்பகோணத்தான்:
தமிழ்ப் படத்தைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரியையாவது சங்கமித்திரை மறுத்தாரா? தொய்வு என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார். ஜானகியின் வயதை மாற்றிய படத்துக்கும், எடுக்காத மருந்தை எடுத்ததாகக் காட்டிய படத்துக்கும் உலகமெங்கும் பாராட்டு, உள்ளூரில் உழைத்து எடுத்ததற்குப் பக்திப் படம் என்ற பட்டம்.

சங்கமித்திரை:
என் கருத்தில் மாற்றமில்லை. சார்லஸ் மறையும் காட்சிக்கு நிகரான ஒன்றை எந்த ராமானுஜன் படத்திலிருந்தும் எவரும் இன்னும் எடுத்துக்காட்டவில்லை.

பகாஎண்:
சார்லஸைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மருந்து வசனத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தப் படத்தை நேர்மையானது என்று இங்கே மீண்டும் எவர் எழுதினாலும் இதே கேள்வியோடு வருவேன்.