பள்ளி மானியம் கேட்டு எழுதணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில நான் மேலாண்மைக் குழு உறுப்பினர். 84 பிள்ளைங்க படிக்கறாங்க. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 31-லிருந்து 100 பிள்ளைங்க வரைக்கும் இருந்தா வருசத்துக்கு 25,000 ரூபாய் மானியம். சாக்பீஸ், குழாய் ரிப்பேர், சுத்தம் எல்லாம் அதுக்குள்ளதான். அதுவும் நேரத்துக்கு வரலீங்க. மோட்டார் காயில் கருகிக் கெடக்குது. பொம்பளைப் பிள்ளைங்க கழிப்பறைக்குத் தெருக்குழாயில பக்கெட்டு புடிச்சுத் தூக்கறாங்க. சாக்பீஸ் டீச்சரோட கைக்காசுல.

பி.எம். ஸ்ரீங்கற மத்திய அரசோட மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கு ஒப்பந்தம் போடற தகராறுல, இந்த ஒருங்கிணைந்த திட்டத்துக்கு 2024-25க்கு வரவேண்டிய மத்திய அரசுப் பங்கு நின்னு, மாநில அரசு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் போனது உங்களுக்கே தெரியும். அது மேல்மட்டத்துல நடக்கற சண்டை. மில்லுக்காரர்கிட்ட நன்கொடை கேட்டா தருவாருன்னு ஊர்ல சொல்றாங்க. தருவாருதான். ஆனா வரியும் கட்டிப்போட்டு வருசா வருசம் மில் வாசல்ல போய் நிக்கணுமா? எனக்கு இஷ்டமில்லீங்க.

கல்வி உரிமைச் சட்டம் 22ஆம் பிரிவுப்படி, குழு போடற பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அடிப்படையா வெச்சுத்தான் மானியம் ஒதுக்கணும். அந்தத் திட்டத்தை ஒழுங்கா எழுதின நகல் யார்கிட்டயாவது இருக்குங்களா? கிராம சபையில இதுக்குத் தீர்மானம் போட்டவங்க வாசகம் அனுப்புங்க. எவ்வளவு வந்துச்சு, எதுக்குச் செலவாச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேட்கறதுன்னா வட்டார அலுவலகத்துக்கா, மாவட்டத்துக்கா மனு போடறது?

அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னாடி கிடைச்சா நல்லாருக்குமுங்க.