மறு: ‘எலிஜிபிலிட்டி செக்கர்’ – தகுதியா, பொருத்தமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய இழை இது. பகலில் கவுண்டரை விட்டு எழும்ப முடியாததால் இன்று இரவுதான் எல்லா மடலையும் சேர்த்துப் படித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: வயது, தொழில், வருமானம், குடும்ப நிலை என்று சில கேள்விகள் கேட்டு, அவரவருக்கு என்னென்ன அரசுத் திட்டங்கள் இருக்கின்றன என்று காட்டும், ஆங்கிலத்தில் ‘எலிஜிபிலிட்டி செக்கர்’ என்கிற இணையப் பக்கத்துக்குத்தான் நாம் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ஒன்றிய அரசின் மைஸ்கீம் தளம் 2022 ஜூலையில் வந்த பிறகு இந்த வகைப் பக்கம் பலருக்கும் அறிமுகமாகிவிட்டது. நாம் தமிழாக்கும் கோப்பில் இந்தச் சொல் தலைப்பிலும் வருகிறது, பொத்தானிலும் வருகிறது, விடை சொல்லும் இடத்திலும் வருகிறது. ஆகவே ஒரு சொல் தப்பினால் மூன்று இடத்தில் தப்பும்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தை பக்கம் ஒரு சொசைட்டியில் இ-சேவை கவுண்டர் பார்க்கிறவள். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்தே எழுதுகிறேன்.

> தக்கலை ஆசிரியர் ஐயா எழுதியது:
> அரசாணைகளில் ‘தகுதி’, ‘தகுதி வரம்பு’ என்றே வருகிறது. புழங்கும் சொல்லை விட்டு விலகக் கூடாது. ‘தகுதிச் சோதிப்பி’ என்று வைத்தால் பொருள் நேராக நிற்கும்.

ஐயா, சொல்லமைப்பில் எனக்கு மறுப்பு இல்லை. போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு நீங்களே முடிவு சொல்லுங்கள்.

48 வயது அக்கா ஒருவர் வந்தார். அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) பூட்டினதிலிருந்து வேலை இல்லை. மழை நனைக்காமல் ஆதாரையும் ரேஷன் கார்டையும் ஜவுளிக்கடை கவரில் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். “மக்களே, எனக்கு வல்லதும் (ஏதாவது) கிட்டுமா, ஒண்ணு பாத்துச் சொல்லு” என்றார். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு விதவை பென்ஷன் வருகிறதாம், அதைப் பார்த்து வந்திருக்கிறார். இவருடைய கணவர் கேரளத்துக்கு வேலைக்குப் போனவர், 11 வருடமாக ஆளையும் காணோம், பேச்சும் இல்லை. ஒரு தளத்தில் விதவை ஓய்வூதியத்துக்கான கேள்விப் பக்கத்தைத் திறந்து விவரம் கொடுத்தேன். கணவர் இறந்துவிட்டாரா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அழுத்தியதும் சிவப்பு எழுத்தில் வந்து விழுந்தது: ‘நீங்கள் தகுதியற்றவர்.’

திரை அவர் பக்கமும் திரும்பியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தார். “தகுதியத்தவளா நான்?” என்று ஒரே கேள்விதான். ரப்பர் பேண்டை மறுபடி போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு என்றே தமிழ்நாட்டில் தனி ஓய்வூதியம் உண்டு, 30 வயது நிறைந்திருந்தால் மனு போடலாம். அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அவர் எப்படிக் கேட்பார்? இணையப் பக்கமும் அதைச் சொல்லவில்லை. கேட்ட ஒன்றுக்கு ‘இல்லை’ சொல்லிவிட்டு நின்றுகொண்டது. அதுவும் திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியது.

ஒரு கலைச்சொல்லை எடுத்தால் அதன் எதிர்மறையையும் எழுதிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தகுதியின்மை, தகுதியற்றவர், தகுதி நீக்கம். இவை எல்லாமே ஆளின் மேல் போய் ஒட்டும் சொற்கள். கூடவே ‘சோதிப்பி’யும் சேர்ந்தால் பரீட்சை எழுத வந்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கம் ‘தகுதி உண்டு’ என்று சொன்னால் பணம் பாஸ் ஆகிவிட்டது என்றே ஆட்கள் நினைக்கிறார்கள். “கம்ப்யூட்டரே தகுதின்னு சொல்லிச்சே, பணம் எப்ப வரும்?” என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். ஆனால் ஒரு முதியோர் ஓய்வூதிய மனு என்றால், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை போட்டால்தான் அது தகுதி. அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் எந்த இணையப் பக்கத்துக்கும் இல்லை. இல்லாத அதிகாரத்தைப் பெயரில் ஏன் கொடுக்க வேண்டும்?

> குளச்சல் தம்பி எழுதியது:
> பேசாம ‘திட்டத்தேடி’ன்னு வச்சிரலாமே. தேடுபொறி மாதிரி எல்லாருக்கும் புரியும்.

தம்பி, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடுவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கவுண்டருக்கு வருகிறவர் யாரும் ‘இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம்’ என்று வாயால் சொன்னதே இல்லை. ‘ஓஏபி’ என்பார்கள், ‘முதியோர் பணம்’ என்பார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு எங்கள் பக்கம் ‘ஆயிரம் ரூபா’ என்றுதான் பெயர். நாம் பெயர் வைக்கப்போகும் இந்தப் பக்கத்தின் நன்மையே, பெயர் தெரியாதவருக்கும் அது உதவும் என்பதுதான். ஆள் தேட வேண்டாம். பக்கம் கேட்கும், ஆள் சொல்வார், பக்கம் காட்டும். ‘தேடி’ என்றால் வேலை மறுபடியும் ஆளின் தலையில் விழுகிறது.

உங்கள் ஊர் சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டம் விசைப்படகுக்குக் கிழக்குக் கணக்கு, குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் மேற்குக் கணக்கு. ‘கன்னியாகுமரி மாவட்டம் தடைக்காலம்’ என்று தேடினால் இரண்டும் கலந்து வந்து குழப்பும். ‘படகு எந்தத் துறைமுகம்?’ என்று கூடுதலாக ஒரே ஒரு கேள்வி கேட்கும் பக்கம்தான் சரியாகச் சொல்லும். ஆகவே பெயரில் அந்தக் கேட்டுச் சொல்லும் குணம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

> கருங்கல் அக்கா எழுதியது:
> ‘எலிஜிபிலிட்டி’ என்றே எல்லாரும் பழகியாச்சு. பஸ் மாதிரி, சைக்கிள் மாதிரி இதையும் விட்டுவிடலாமா?

அக்கா, பழகினது நாம்தான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்கிறோம். அந்தப் பக்கம் நிற்பவர் ‘கிட்டுமா, கிட்டாதா’ என்றுதான் கேட்கிறார்.

இனி என் சொல்.

இரு தரப்பு விவரத்தையும் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சேருமா சேராதா என்று சொல்லும் வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: பொருத்தம் பார்ப்பது. பொருத்தம் இல்லை என்றால் பெண்ணுக்கும் குறை இல்லை, பையனுக்கும் குறை இல்லை. இரண்டு வீட்டாரும் எழும்பி அடுத்த இடம் பார்க்கப் போவார்கள். பொருத்தம் இருந்தாலும் அதோடு கல்யாணம் முடிந்துவிடாது, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி உறுதி செய்ய வேண்டும். இந்த இணையப் பக்கத்தின் வேலையும் அச்சாக இதுதான். ஆகவே:

பக்கத்தின் தலைப்பு: திட்டப்பொருத்தம்
பொத்தான்: பொருத்தம் பார்க்க
விடை: உங்களுக்குப் பொருந்தும் திட்டங்கள்
இல்லாவிட்டால்: இந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தவில்லை. பொருந்தும் மற்ற திட்டங்களைப் பார்க்க

நிரல் எழுதுகிறவர்களுக்குக் கருவியின் பெயர் தனியாக வேண்டுமென்றால் ‘பொருத்தங்காட்டி’ எனலாம். திசைகாட்டி, நாட்காட்டி என்ற வரிசையில் வந்து நிற்கும்.

‘பொருந்தவில்லை’ என்ற வரியைக் கவனியுங்கள். எழுவாய் ‘திட்டம்’. இல்லை என்ற பழி திட்டத்தின் மேல்தான் விழுகிறது, ஆளின் மேல் விழவில்லை. அந்த அக்கா இதை வாசித்திருந்தால் ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நேற்றும் இன்றும் ஒரு தாளில் ‘தகுதிச் சோதிப்பி’, ‘திட்டத்தேடி’, ‘திட்டப்பொருத்தம்’ மூன்றையும் பெரிதாக எழுதி, வந்தவர்களிடம் காட்டினேன். பனையேறும் பெரியவர் ஒருவர் மூன்றாவதில் விரலை வைத்து, “அப்பம் நம்ம விவரம் எல்லாம் அது கேக்கும், இல்லியா?” என்றார். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பனைமரத் தொழிலாளர் நல வாரியம் என்று ஒன்று இருப்பதைப் பற்றிப் பிறகு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், அது வேறு கதை.

நேரம் ஆகிவிட்டது. மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

---

மறு: மறு: ‘எலிஜிபிலிட்டி செக்கர்’ – தகுதியா, பொருத்தமா?

> தக்கலை ஆசிரியர் ஐயா எழுதியது:
> அம்மா, நீங்கள் சொன்ன நிகழ்ச்சி மனத்தைத் தைத்தது. ஆனாலும் இரண்டு ஐயம். ஒன்று, ‘பொருத்தம்’ என்றால் ஜாதக நெடி அடிக்கிறதே. பாதிக்குப் பாதி கிறிஸ்தவர்கள் வாழும் மாவட்டம் இது, இஸ்லாமியரும் உண்டு. இரண்டு, படிவங்களில் ‘பொருந்தாது’ என்று ஏற்கெனவே ஒரு பொருளில் எழுதி வருகிறோம். மோதாதா?

ஐயா, இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்.

முதலாவதுக்கு: சொல் ஜாதகத்துக்கு மட்டும் சொந்தமில்லை. தையற்கடையில் ‘சட்டை பொருத்தமா இருக்கு’ என்கிறோம், கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்துகிறோம், ‘பொருத்தமான பதில்’ என்று நீங்களே வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். இருந்தாலும் என் ஊகத்தை நம்பாமல், எங்கள் சொசைட்டியில் வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் கோவில் பாடகர் குழுவில் இருக்கிறவர் (எங்கள் ஊர் வழக்கில் சர்ச்சும் கோவில்தான்), இன்னொருவர் திருவிதாங்கோட்டு இஸ்லாமியர். இருவருக்கும் நெருடவில்லை. ‘திட்டம்’ என்ற சொல் முன்னால் வந்துவிடுவதால் நினைப்பு அங்கே போகவில்லை என்றார்கள்.

இரண்டாவதுக்கு: படிவத்தில் ‘பொருந்தாது’ என்றால் ‘இந்தக் கேள்வி எனக்கு ஆனது இல்லை’ என்று பொருள். இங்கேயும் ‘இந்தத் திட்டம் எனக்கு ஆனது இல்லை’ என்பதுதான். ஒரே பொருள் இரண்டு இடத்தில் வருகிறது, அவ்வளவுதான். பழகின கண்ணுக்கு இது உதவியாகவே இருக்கும்.

‘தகுதி’யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை ஐயா, அதற்கு அதன் இடம் இருக்கட்டும். அதிகாரி விசாரித்து ஆணை இடுவது தகுதி முடிவு. அதற்கு முன்னால் பக்கம் கேட்டுக் காட்டுவது பொருத்தம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புகிறார்கள், தமிழில் இரண்டாகப் பிரிந்து நிற்பது நமக்கு ஆதாயம்.

> குளச்சல் தம்பி எழுதியது:
> அக்கா, ஒத்துக்கிட்டேன். தேடல் பெட்டியும் பக்கத்திலே இருக்குமே, அதுக்கு என்ன செய்ய?

நல்லதாகக் கேட்டாய் தம்பி. தேடல் பெட்டி இருக்கட்டும், ஆனால் அதற்குப் பின்னால் வழக்குச் சொற்களைக் கட்டிக் கொடுக்க வேண்டும். ‘ஓஏபி’ என்று அடித்தாலும் முதியோர் ஓய்வூதியம் வர வேண்டும், ‘ஆயிரம் ரூபா’ என்றால் உரிமைத் தொகை வர வேண்டும், ‘பனையேறி’ என்றால் பனைத் தொழிலாளர் வாரியம் வர வேண்டும். நம் மாவட்டத்துக்கு இது மிகவும் முக்கியம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் வழி வந்த நிர்வாகத்தில் இருந்தவர்கள். கச்சேரிச் சொற்கள், அதாவது அரசு அலுவலகச் சொற்கள், மாறின, வீட்டுக்குள் மாறவில்லை. எங்கள் அப்பா இன்றும் நில வரியைக் ‘கரம்’ என்றுதான் சொல்வார், கிரையப் பத்திரத்தைப் ‘பிரமாணம்’ என்பார். ‘நிலவரி ரசீது கொண்டு வாங்க’ என்றால் விழிக்கும் பெரியவர், ‘கரம் கட்டின சீட்டு’ என்றதும் டிரங்குப் பெட்டியைத் திறந்துவிடுவார். இந்தச் சொற்களைத் தேடலில் சேர்க்காவிட்டால், பெட்டி இருந்தும் அவருக்குப் பயன் இல்லை. அகஸ்தீஸ்வரம் பக்கம் ஒரு சொல், விளவங்கோடு பக்கம் ஒரு சொல் என்று இருக்கும். ஆளுக்கு இருபது சொல் அனுப்பினால் போதும், பட்டியலை நான் சேர்த்து வைக்கிறேன்.

தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்ப நான் எழுதிய பதிவு கீழே. திருத்தங்களை இந்த இழையிலேயே சொல்லுங்கள்.

திட்டப்பொருத்தம் (பெயர்ச்சொல்): ஒருவருடைய வயது, தொழில், வருமானம், குடும்ப நிலை முதலிய விவரங்களைக் கேட்டு, அவருக்குப் பொருந்தக்கூடிய அரசு நலத் திட்டங்களைக் காட்டும் இணைய வசதி. இது திட்டத்துக்கான ஒப்புதல் ஆகாது. வினை: பொருத்தம் பார்த்தல். எடுத்துக்காட்டு: “அம்மாவுக்குத் திட்டப்பொருத்தம் பார்த்தேன், இரண்டு திட்டம் காட்டியது, நாளை மனுப் போட வேண்டும்.”

கருங்கல் அக்கா, கோப்பு இப்போது உங்களிடம்தானே இருக்கிறது? ‘தகுதியற்றவர்’ என்ற வரி அதில் நான்கு இடத்தில் கண்டேன். மற்றவை எல்லாம் மெதுவாக முடிவாகட்டும், அந்த நான்கை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.