ஃபைல் தன்னையே படித்துக்கொண்டதா? பாஸிவ் வாய்ஸில் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

ஆர்.கே.புரம் அசிஸ்டென்ட்:

தில்லி வந்து ஏழு வருஷமாகிறது. இங்கே நம்மவர்களில் நிறையப் பேர் ஆங்கிலத்தில் நோட் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதால் இதை இங்கே கொட்டுகிறேன்.

போன வாரம் ஒரு டிராஃப்டில் இப்படி எழுதினேன்: 'ஆஃப்டர் கேர்ஃபுல்லி எக்ஸாமினிங் த ஃபைல், இட் வாஸ் சென்ட் டு ஃபைனான்ஸ்.' பிரிண்ட் எடுத்து அண்டர் செக்ரட்டரி மேஜையில் வைத்தேன். திரும்பி வந்தபோது 'எக்ஸாமினிங்' கீழே பென்சில் கோடு. ஓரத்தில், 'பை ஹூம்? த ஃபைல் இட்செல்ஃப்?' பக்கத்து சீட் பஞ்சாபிக்காரர் அதைப் படித்துவிட்டு மத்தியானம் வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சாவகாசமாக யோசித்தபோதுதான் பிடிபட்டது. 'கோப்பைக் கவனமாகப் பார்த்து ஃபைனான்ஸுக்கு அனுப்பினேன்' என்றுதான் மனதில் ஓடியது. பார்த்ததும் நான், அனுப்பியதும் நான். எழுதும்போது மட்டும், 'நான்' எதற்கு என்று அடக்கமாகப் பின்பாதியைப் பாஸிவ், அதாவது செயப்பாட்டுவினை, ஆக்கிவிட்டேன். அங்கே எழுவாய் ஃபைல் ஆகிவிட்டது. முன்பாதியில் நிற்கும் 'எக்ஸாமினிங்'குக்குச் சொந்த எழுவாய் கிடையாது, பின்பாதியில் இருப்பதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆக, ஃபைல் தன்னைத்தானே கவனமாகப் படித்துவிட்டு ஃபைனான்ஸுக்குக் கிளம்பிவிட்டது.

இப்படித் திருத்தி வைத்திருக்கிறேன்: 'த ஃபைல் வாஸ் கேர்ஃபுல்லி எக்ஸாமின்ட் அண்ட் சென்ட் டு ஃபைனான்ஸ்.' ஒரே 'வாஸ்' இரண்டு வினைக்கும் போதும். ஆனால் இப்போது வேறு சந்தேகம். இந்தக் 'கேர்ஃபுல்லி' எதுவரைக்கும் பாயும்? பார்த்தது மட்டும் கவனமாகவா, அனுப்பியதுமா? உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

லோதி காலனி ஸ்டெனோ (ஓய்வு):

முதலில் தம்பியின் சந்தேகம். 'வாஸ்' ஒன்றே இருந்தால் கேர்ஃபுல்லி இரண்டு வினைக்கும் பாய இடமுண்டு. வேண்டாம் என்றால் 'வாஸ் கேர்ஃபுல்லி எக்ஸாமின்ட் அண்ட் வாஸ் தென் சென்ட்' என்று வாஸை மறுபடி எழுதுங்கள். அங்கே ஒரு வேலி விழுந்துவிடும்.

நான் 1979-ல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி வந்தவன். கையில் ஷார்ட்ஹேண்ட் சர்ட்டிஃபிகேட், பையில் அம்மா கொடுத்த புளிக்காய்ச்சல். வந்த மறுவாரமே டைப் அடித்த கடிதம் 'ஐ ஆம் டைரக்டட் டு ஸே' என்று ஆரம்பித்தது. யார் டைரக்ட் பண்ணினார் என்று கடைசி வரி வரைக்கும் தேடினேன். கிடையாது. கடிதம் என்றால் 'ஐ ஆம் டைரக்டட்', ஆஃபீஸ் மெமோரண்டம் என்றால் 'தி அண்டர்சைன்ட் இஸ் டைரக்டட்'. மெமோரண்டத்தில் கையெழுத்துப் போடுகிறவர் தன்னைக்கூட 'நான்' என்று சொல்லிக்கொள்ள மாட்டார். உத்தரவு போட்டவர் மறைவு, எழுதுகிறவர் பாதி மறைவு. ராமன் ஆண்டாலும் ராவணன் ஆண்டாலும் அந்த வரி மட்டும் அப்படியே இருக்கும்.

என் கதை 'டியூலி' பற்றியது. அதிகாரி டிக்டேட் செய்தது: 'தி அப்ளிகேஷன், டியூலி ஃபில்ட் இன் அண்ட் சைன்ட், ஷுட் பி சப்மிட்டட்.' முறைப்படி நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அப்புறம் கொடு. என் நோட்டுக் கிறுக்கலை நானே படித்து ஸ்டென்சிலில் அடித்தபோது டியூலி இடம் மாறி 'ஷுட் பி டியூலி சப்மிட்டட்' ஆகிவிட்டது. பார்வைக்கு ஒன்றும் குறைவில்லை. இருநூறு காப்பி சைக்ளோஸ்டைல் எடுத்து அனுப்பியும் ஆகிவிட்டது. பத்து நாள் கழித்து ஒருவர் பாதிக் கட்டம் காலியாக ஃபாரத்தைக் கொண்டுவந்து, 'நிரப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டிருக்கிறேன், முறைப்படி டெஸ்பாட்ச் வழியாகத்தான் கொடுக்கிறேன், உங்கள் சர்க்குலர் கேட்டது அவ்வளவுதானே' என்று சட்டம் பேசினார். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். ஸ்டென்சிலை மறுபடி வெட்டினேன். அன்றைக்கு விரலில் ஒட்டிய கறுப்பு மை இரண்டு நாள் போகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லும் சொல்லை, செய்த வினையின் மடியிலேயே உட்கார வைத்துவிடுவேன்: 'ஹாஸ் பீன் கேர்ஃபுல்லி எக்ஸாமின்ட்.' எப்போது என்று சொல்வதைக் கொஞ்சம் முன்னாலேயே விடலாம்: 'ஹாஸ் ரீசன்ட்லி பீன் அப்ரூவ்ட்.'

முகர்ஜி நகர் மூன்றாம் அட்டெம்ப்ட்:

மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி.க்குப் படிக்கிறேன், அவர்கள் நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் ஆக்டிவ்-பாஸிவ் கேள்வி வரும் என்பதால் மனப்பாடம். 'ஓபன் த டோர்' என்றால் 'லெட் த டோர் பி ஓபன்ட்'. உலகத்தில் எவனும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, ஆனால் மார்க் அதற்குத்தான்.

நான் மாட்டியது பரீட்சையில் இல்லை. ரூம்மேட் பைக்கில் விழுந்ததற்கு வீட்டு ஓனருக்கு மெசேஜ் அனுப்பினேன்: 'ஆன் ஆக்சிடென்ட் வாஸ் சடன்லி ஹேப்பன்ட்.' ஓனர் பையன் கான்வென்ட்டில் படித்தவன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாடி பூராவும் அனுப்பிவிட்டான். 'ஹேப்பன்'னுக்குச் செயப்படுபொருளே கிடையாது, அது பாஸிவ் ஆகவே முடியாது. இதில் தமிழைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. 'விபத்து நடக்கப்பட்டது' என்று யார் சொல்வார்? தமிழில் யோசித்திருந்தால் சரியாகத்தான் எழுதியிருப்பேன். நடந்து முடிந்ததெல்லாம் 'வாஸ்' என்று மண்டையில் ஏறியதுதான் வினை.

மயூர் விஹார் மாமி:

எங்கள் சொஸைட்டி கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்: 'விசிட்டர்ஸ் ஹூ ஆர் நாட் ரெஜிஸ்டர்ட் இம்மீடியட்லி வில் பி ஸ்டாப்ட்.' என் தங்கை பிள்ளை கரோல் பாக்கிலிருந்து ஒரு தூக்கு நிறைய மோர்க்குழம்போடு வந்தான். கார்டு அவனை நிறுத்திவிட்டார். இவனோ, 'உடனே ரெஜிஸ்டர் பண்ணாதவர்களைத்தானே நிறுத்துவீர்கள், இதோ பண்ணுகிறேன், பேனா கொடுங்கள்' என்கிறான். கார்டோ, 'ரெஜிஸ்டர் ஆகாதவர்களை உடனே நிறுத்து என்று போட்டிருக்கிறது, நிறுத்திவிட்டேன்' என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் அந்த வரியில் இருக்கிறது! 'இம்மீடியட்லி' நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் மாறுகண்ணால் பார்க்கிறது. நான் கீழே இறங்கிப் போவதற்குள் மோர்க்குழம்பு ஆறிவிட்டது. இப்போது 'வில் பி ஸ்டாப்ட் இம்மீடியட்லி' என்று மாற்றிவிட்டார்கள். அதிலும் என் பிள்ளைதான் திட்டு வாங்குவான், ஆனால் சந்தேகமில்லாமல் வாங்குவான்.

தமிழ் வாத்தியார், ஜனக்புரி:

மாமியின் மோர்க்குழம்புக்கு அனுதாபம்.

அசிஸ்டென்ட் தம்பி ரொம்ப வெட்கப்பட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் ('பார்த்து', 'வந்து' போன்றவை) தன் வினைமுதலையே, அதாவது செய்தவரையே, கொண்டு முடிய வேண்டும் என்பது நம் இலக்கணத்திலும் விதிதான். பார்த்தவர் எவரோ அவரேதான் அனுப்பவும் வேண்டும். ஆனால் 'ஞாயிறு பட்டு வந்தான்' என்று ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. பட்டது, அதாவது மறைந்தது, ஞாயிறு; வந்தது அவன். ஞாயிறு பட வந்தான் என்று பொருள் கொண்டு, அதை எச்சத் திரிபு என்று ஏற்றுக்கொண்டார்கள். தம்பியின் ஃபைல் வாக்கியம் இதற்குத் தூரத்துச் சொந்தம். நாம் திரிபு என்று பெயர் வைத்து வீட்டுக்குள் விட்டோம், ஆங்கில வாத்தியார்கள் பென்சிலால் கோடு போடுகிறார்கள்.

செய்தவரை மறைப்பதற்கும் நாம் 'கொல்லப்பட்டான்' என்பதில் வரும் 'படு'வை நம்பியிருக்கவில்லை. தொல்காப்பியமே செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வது வழக்கு என்கிறது. உரைகாரர் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. மெழுகியவள் எங்கே? காணோம். திண்ணை தானே மெழுகிக்கொண்டது போல நிற்கிறது. இன்றைக்கு வீட்டில் 'பால்காரனுக்குப் பணம் கொடுத்தாச்சு' என்கிறோம். கொடுத்தது யார் என்று கேட்டால்தான் சண்டை. ஆங்கிலப் பாஸிவுக்கு நம் பேச்சில் உண்மையான ஜோடி இந்த 'ஆச்சு'தான் என்று எனக்குத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் 'இராமனால் இராவணன் கொல்லப்பட்டான்' என்று சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

ஆர்.கே.புரம் அசிஸ்டென்ட்:

ஐயா, 'திண்ணை மெழுகிற்று' இனி என் சொத்து. ஸ்டெனோ சார், வாஸை மறுபடி போட்டு டிராஃப்டைக் கொடுத்தேன். 'வாஸ் கேர்ஃபுல்லி எக்ஸாமின்ட் அண்ட் வாஸ் தென் சென்ட்.' இன்று காலை வந்துவிட்டது. 'கேர்ஃபுல்லி'யை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.