பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போடலாமா? மகளுக்கு மேக்கா, விண்டோஸா?

எழுத்தாணி (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

முதலில் என் லேப்டாப். இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், இடையில் எஸ்எஸ்டி மாற்றியது. வேகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால் இந்த ப்ராசஸருக்கு ஆகாது என்று திருப்பி அனுப்புகிறது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். வேர்ட் கோப்புகள் ட்ராக் சேஞ்சஸோடு (யார் எதைத் திருத்தினார் என்று காட்டும் வசதி) பதிப்பாசிரியருக்கும் எனக்கும் நடுவில் போய் வந்துகொண்டே இருக்கும். கூடவே ஒமேகாடி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள். தட்டச்சு தமிழ்99 விசைப்பலகை முறையில். பழைய கோப்புகள் ஏராளமாக, யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன, அவற்றை அவ்வப்போது திறந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, மகள் கட்டடக்கலை படிக்கப் போகிறாள். புதுக் கணினி வாங்க வேண்டும். அவளுக்கு மேக் மேல் ஆசை. தெரிந்தவர் ஒருவரோ இரண்டு பேருமே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிடுங்கள், எல்லாம் அதிலேயே நடக்கும் என்கிறார். இவ்வளவு பணம் போட்ட பிறகு ஏமாந்து நிற்கக் கூடாது, அதுதான் கவலை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கல்தச்சன்:

அக்கா, மகள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அங்கேதான் பணம் போகிறது. எந்த இயங்குதளம் நல்லது என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். அவள் படிப்புக்கு எந்த மென்பொருள் கட்டாயம் என்று கேளுங்கள். கட்டடக்கலையில் ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள் ஒன்றே பாதி முடிவை எடுத்துவிடும், ஏனென்றால் அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். முப்பரிமாண மாதிரி செய்யும் 3டிஎஸ் மேக்ஸும் அப்படித்தான். லினக்ஸில் இவை இரண்டும் கிடையாது, வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட முயலும் ஒன்று) வைத்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு அது காலை வாரினால் பிள்ளை யாரிடம் போய் நிற்பாள்?

மேக்குக்குள் இன்னொரு இயங்குதளத்தை ஓட்டவிடும் பேரலல்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ் போட்டு, அதற்குள் ரெவிட் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆப்பிளின் எம்1 முதலான சிப்களில் அப்படி ஓடுவது ஆர்ம் என்ற வேறு வகை சிப்புக்கான விண்டோஸ், அதில் ரெவிட் ஓடுவதை அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் ஆதரிப்பதில்லை. இதே காரணத்தால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: விண்டோஸ் லேப்டாப் என்று நினைத்து, ஆர்ம் வகையான ஸ்னாப்டிராகன் சிப் உள்ளதை வாங்கிவிடாதீர்கள். 2024-இலிருந்து நிறைய வருகின்றன, பேட்டரி அருமையாக நிற்கும், எழுதுகிற வேலைக்கு நான் தாராளமாகச் சொல்வேன். ரெவிட்டுக்கு வேண்டாம். இன்டெல் அல்லது ஏஎம்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு, ராம் 16 ஜிபிக்குக் குறையாமல், முடிந்தால் 32. பிற்பாடு ராம் கூட்ட உள்ளே இடம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், இப்போது பல மெல்லிய மாடல்களில் போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள்.

---

வெண்சுண்ணம்:

கல்தச்சன் சொன்னதில் ஒரு பாதிதான் சரி. எல்லாக் கட்டடக்கலைக் கல்லூரியும் ரெவிட்டைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை. ரைனோ, ஸ்கெட்ச்அப், ஆர்க்கிகேட், ஆட்டோகேட் போன்ற மற்ற வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாம் மேக்கில் நேரடியாகவே ஓடுகின்றன. அதனால் மகள் ஆசையை உடனே தட்டிவிடாமல், அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் யாரிடமாவது என்ன பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பாடத்திட்டத்தில் எழுதியிருப்பது வேறு, ஸ்டூடியோவில் நடப்பது வேறு.

நான் மேக்கில்தான் வேலை செய்கிறேன். சார்ஜரைத் தூக்கிக்கொண்டு அலையாத நிம்மதி இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வாங்கும் அன்று எவ்வளவு ராம், எவ்வளவு எஸ்எஸ்டி என்று தீர்மானிக்கிறீர்களோ மேக்புக்கில் அதுதான் கடைசிவரை, பிறகு கூட்டவே முடியாது. பழைய மேக் மலிவாகக் கிடைக்கிறது என்று இன்டெல் மேக் பக்கம் மட்டும் போகாதீர்கள். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-தான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது.

---

பழையபெட்டி:

உங்கள் லேப்டாப்பைப் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. அதைத் தூக்கிப் போடாதீர்கள், தயவுசெய்து. ஏழாம் தலைமுறை ஐ5, எஸ்எஸ்டி, 8 ஜிபி என்பது எழுத்து வேலைக்கு இன்னும் பல வருடம் தாங்கும். நல்ல நிலையில் இருக்கும் இயந்திரங்களை இப்படி விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்பதற்காகக் குப்பைக்கு அனுப்புவது எனக்கு மனசு ஆறவே இல்லை.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-ஐப் பாருங்கள், 2029 வரை அப்டேட் உண்டு. இன்ஸ்டால் செய்யும் முன் ஒரு பென் டிரைவில் ரூஃபஸ் என்ற கருவி வைத்து ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்யுங்கள். வட்டில் உள்ள எதையும் அது தொடாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரின்டர் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் மூடியைச் சாத்தி, கொஞ்சம் பொறுத்துத் திறந்து பாருங்கள். தூங்கி எழுவதில்தான் பல லேப்டாப்கள் முரண்டு பிடிக்கும், பலர் இதைச் சோதிக்காமலே இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். ஒமேகாடி ஜாவாவில் எழுதியது, மூன்று இயங்குதளத்திலும் ஓடும். ஆனால் ஏதாவது நிறுவனம் டிரேடோஸ் ஸ்டூடியோ, மெமோக்யூ போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கேட்டால் அவை விண்டோஸுக்கானவை, இதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். தமிழ்99-க்கு ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பைப் போட்டால் போதும். பாமினி எழுத்துருக் கோப்பை எழுத்துருக்களுக்கான அடைவில் நகலெடுத்தால், வேர்டுக்குப் பதிலாக வரும் இலவச லிப்ரேஆபீஸில் அப்படியே திறக்கும்.

வேர்ட் கோப்புதான் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம். ட்ராக் சேஞ்சஸும் கமென்ட்டும் லிப்ரேஆபீஸில் நன்றாகவே போய் வரும். வேர்டின் எழுத்துருக்களான கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலடேயா என்று அதே அகல அளவில் செய்த எழுத்துருக்கள் இருப்பதால் ஆங்கிலப் பக்கங்களில் வரி பெரும்பாலும் நகராது. அட்டவணையும் டெக்ஸ்ட் பாக்ஸும் நிறைந்த கோப்பு என்றால் இடம் மாற வாய்ப்புண்டு. உங்கள் கோப்புகளிலேயே மிகச் சிக்கலானதை எடுத்து, திருத்தி, சேமித்து, வேறொருவர் வேர்டில் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவசரத்துக்கு பிரவுசரில் வேர்ட் ஆன்லைனும் இருக்கிறது.

---

எழுத்தாணி:

இவ்வளவு விரிவாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மூவருக்கும் நன்றி. சீனியர் பெண் ஒருத்தியிடம் மகள் பேசினாள். முதல் வருடம் பெரும்பாலும் கையால் வரைவதும் ஸ்கெட்ச்அப்பும்தானாம், இரண்டாம் வருடத்திலிருந்து ரெவிட் இல்லாமல் குழு வேலை நடக்காதாம். கேட்டதும் மகள் முகம் சுருங்கியது உண்மை, ஆனாலும் விண்டோஸ்தான் என்று அவளே சொல்லிவிட்டாள்.

எனக்கு இரண்டு சந்தேகம். ரூஃபஸ் வைத்தே விண்டோஸ் 11-ஐத் தடையைத் தாண்டிப் போடலாம் என்கிறார்களே, அது சரிவருமா? இன்னொன்று, எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நான் லினக்ஸ் போனால் அது என்ன ஆகும்?

---

பழையபெட்டி:

தாண்டிப் போடலாம், ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பொழுதுபோக்குக் கணினி என்றால் செய்து பாருங்கள் என்பேன், சோறு போடுகிற கணினியில் வேண்டாம். அவகாசம் தேவை என்றால் விண்டோஸ் 10-லேயே நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம், அதில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்திருக்கிறார்கள்.

ஹார்ட் டிஸ்க் விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் வடிவில் ஃபார்மேட் ஆகியிருந்தால் லினக்ஸில் படிக்கவும் எழுதவும் முடியும், பயப்படாதீர்கள்.

---

வெண்சுண்ணம்:

அதே ஹார்ட் டிஸ்க்கை யாராவது மேக்கில் செருகினால் படிக்க மட்டும்தான் முடியும், எழுத விடாது. பின்னால் மகள் எப்போதாவது மேக் வாங்கினாலும் தொல்லை இல்லாமல் இருக்க, உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் என்ற வடிவில் ஃபார்மேட் செய்துவிடுங்கள், மூன்று இயங்குதளத்துக்கும் பொது.

---

கல்தச்சன்:

மின்ட் இன்ஸ்டால் செய்யும் முன் ஒரே ஒரு விஷயம் அக்கா. விண்டோஸ் செட்டிங்ஸில், வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்க்ரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், உங்களுக்குத் தெரியாமலே ஆகியிருக்கலாம். ஆகியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாமினி கோப்புகளை முழுசாக பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் வட்டில் கை வைக்க வேண்டும்.